குலைநோயின் பெயரும் குலமும்

காவிரிப் பாசனப் பகுதியில் பிறந்தவர்கள் குலைநோய் என்னும் பெயரைக் கேள்விப்படாமல் இருக்க முடியாது. கதிர் வெளிவந்து, பால் பிடித்து, இன்னும் சில வாரங்களில் அறுவடை என்று உழவர் எண்ணியிருக்கும் வேளையில், கதிரின் கழுத்துப் பகுதி கறுத்துவிடும். அதற்கு மேலே உள்ள கதிர் வெளிறிப் பதராய் நிற்கும். பசுமையான வயலின் நடுவே திட்டுத் திட்டாக வெண்மை தோன்றுவதைத் தொலைவிலிருந்து காண்பவர், பயிர் முற்றிவிட்டது என்றே எண்ணக்கூடும். அருகே சென்று கதிரைக் கையால் உருவிப் பார்த்தால்தான் உள்ளே மணி இல்லை என்பது தெரியும். 1919ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சைக் கழிமுகப் பகுதியில் இந்நோய் பெருங்கேடு விளைத்த பின்னரே, இந்தியாவில் இதனைப் பற்றிய ஆராய்ச்சி முனைப்புப் பெற்றது.

இந்நோயை உண்டாக்குவது ஒரு பூஞ்சை. அதனை ஒழிக்கும் மருந்துகளைப் பற்றி வேளாண்மைத் துறையினர் வானொலியில் பலமுறை கூறியிருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அதன் பெயர். ஒரு பூஞ்சையின் பெயரைப் பற்றிப் பேச ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் அவ்வாறே நினைத்திருந்தேன். இலத்தீன் பெயர்கள் மாணவரை அச்சுறுத்துவதற்காகவே பாடநூலில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று வேடிக்கையாகச் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்ததும் உண்டு. அவ்வாறு சொன்னது தவறு என்பதை எனக்கு உணர்த்தியது இந்தப் பூஞ்சையே.

1984ஆம் ஆண்டில் நான் பணியில் சேர்ந்தபோது, கரும்பலகையில் இதன் பெயரைப் ‘பைரிகுலேரியா ஒரைசே’ என்று எழுதினேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே எழுதிவந்தேன். பின்னர் ஒருநாள், என்னிடம் பயின்று வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்திருந்த மாணவர் ஒருவர் விடுமுறையில் என்னைக் காண வந்தார். “ஐயா, இப்போது அதன் பெயர் பைரிகுலேரியா கிரீசியா. ஒரைசே என்பதைக் கைவிட்டுவிட்டார்கள்” என்றார். ஓர் ஆசிரியருக்கு இதைவிடக் கூச்சம் தரும் செய்தி வேறு உண்டோ? மறுநாளே பெயரைத் திருத்தினேன். சில ஆண்டுகள் கழிந்தன. அதே மாணவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் படியைக் கையில் கொண்டு மீண்டும் வந்தார். “ஐயா, நெல்லின் பூஞ்சை திரும்பவும் ஒரைசே ஆகிவிட்டது” என்றார். இம்முறை எனக்குச் சினமே வந்தது. அறிஞர்கள் விளையாடுகிறார்களா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே திண்ணையில் அமர்ந்து காரணத்தை விளக்கத் தொடங்கினார். என் மாணவரிடம் நான் மாணவனாக இருந்து அன்று மாலை கற்றவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அதன்பின் நானே படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் இப்பெயர்கள் பிறந்த கதை. இத்தாலி நாட்டு அறிஞர் சக்கார்தோ 1880ஆம் ஆண்டில் பைரிகுலேரியா என்னும் பேரினத்தை வகுத்தார். அவர் எடுத்துக்கொண்ட பூஞ்சை ஒருவகைப் புல்லின் இலையில் புள்ளிகளை உண்டாக்குவது. அந்தப் புல் மேட்டு நிலங்களிலும் வயலோரங்களிலும் களையாகப் படர்வது. ஆங்கிலத்தில் அதனை நண்டுப்புல் என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். பூஞ்சையின் வித்துக்கள், அதாவது உங்கள் பாடநூலில் ஸ்போர்கள் என்று நீங்கள் படிப்பவை, நுண்ணோக்கியின் கீழ்ப் பேரிக்காய் வடிவில் தோன்றின. ஒவ்வொன்றும் இரண்டு குறுக்குச் சுவர்களால் மூன்று அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பேரிக்காயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பைரிகுலேரியா என்னும் பெயர் உண்டாயிற்று. கிரீசியா என்றால் சாம்பல் நிறமுடையது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், கவாரா என்னும் மற்றோர் இத்தாலியர், நெல்லைத் தாக்கும் பூஞ்சைக்கு ஒரைசே என்று பெயரிட்டார். நெல்லுக்குரியது என்பது அதன் பொருள். பயிர் வேறு, ஆதலால் பூஞ்சையும் வேறு என்பதே அக்காலத்தார் கருத்து.

இந்தச் சிறு வித்து நெல்லின் இலையைத் துளைக்கும் விதம் வியப்புக்குரியது. ஆதலால் பெயரைச் சற்று நிறுத்திவைத்து அதனைக் கூறுகிறேன். பனியாலோ மழையாலோ ஈரமான இலைமேல் வித்து விழுந்தவுடன் பசை போன்ற பொருளால் ஒட்டிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் முளைத்து, முளையின் நுனியில் குமிழ் போன்ற ஓர் உறுப்பை உண்டாக்குகிறது. அக்குமிழின் சுவரில் கருநிறப் பொருள் ஒன்று படிந்து அதனை உறுதியாக்குகிறது. உள்ளே நீர் ஏற ஏற அழுத்தம் பெருகி, ஒரு மோட்டார் வண்டியின் சக்கரத்திலுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கை எட்டுகிறது. அந்த அழுத்தத்தைக் கொண்டே மெல்லிய முனை ஒன்று இலையின் தோலைத் துளைத்து உட்செல்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிர் இத்தனை விசையை உண்டாக்குகிறது என்பதை எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் எனக்கு அலுத்ததில்லை.

இனி, பெயருக்குத் திரும்புவோம். நெல்லின் பூஞ்சையையும் புல்லின் பூஞ்சையையும் அருகருகே வைத்து எத்தனை நேரம் நோக்கினாலும் வேறுபாடு காண இயலாது. வித்தின் வடிவம் ஒன்றே, அறைகள் மூன்றே, நீள அகலங்களும் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. வடிவத்தை விட்டுவிட்டு வேறு அளவுகோலைத் தேடினால், அறிஞர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த அளவுகோல் ஒன்று உண்டு. ஒன்றோடொன்று கூடி வளமான சந்ததியை ஈனக்கூடியவை ஒரே இனம். கூடாதவை வேறு இனம். ஆனால் இந்தப் பூஞ்சை வயலில் பெரும்பாலும் ஆண் பெண் சேர்க்கை இன்றியே வித்துக்களைச் சிந்திப் பெருகுவது. அதன் பாலினச் சேர்க்கை நிலையை எவரும் கண்டதில்லை. 1971ஆம் ஆண்டில்தான் அமெரிக்க அறிஞர் ஹெபர்ட், நண்டுப்புல்லிலிருந்து எடுத்த பூஞ்சைகளை ஆய்வுக்கூடத்தில் சேர்த்து வளர்த்து, அந்நிலையைக் கண்டார். அதன்பின் வெவ்வேறு புற்களிலிருந்தும் பயிர்களிலிருந்தும் எடுத்தவற்றைக் கலந்து பார்க்கும் ஆய்வுகள் பெருகின. அவற்றுள் பல ஒன்றோடொன்று கூடின. வடிவமும் ஒன்று, கூடவும் செய்கின்றன என்றால் பெயர் மட்டும் இரண்டு எதற்கு? 1990ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மூவர், இவை யாவும் ஒரே இனம் என்றும், முதலில் சூட்டப்பட்ட கிரீசியா என்பதே எல்லாவற்றுக்கும் உரிய பெயர் என்றும் முன்மொழிந்தனர். என் மாணவர் முதன்முறை கொண்டுவந்த செய்தி இதுவே.

இரண்டாம் முறை அவர் கொண்டுவந்த செய்தியைப் புரிந்துகொள்ள மரபணுச் சான்று என்பது யாது என்று அறிய வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவனை அழைத்துச் செல்க என்பது. ஆதலால் நமக்குத் தெரிந்த ஓலைச்சுவடியிலிருந்து தொடங்குகிறேன்.

அச்சு இயந்திரம் வருமுன், ஏடு செல்லரித்துப் போகும் முன்பே அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் படியெடுத்தனர். எழுதுபவர் எவ்வளவு கவனமுடையவராயினும், எங்கோ ஓர் எழுத்து மாறிவிடும். அடுத்த தலைமுறையில் அந்தப் பிழையான ஏட்டைப் பார்த்து எழுதுபவர், அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார். தம் பங்குக்குப் புதிதாக ஒன்றையும் சேர்ப்பார். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்ததை நீங்கள் அறிவீர்கள். பத்து ஏடுகளில் நான்கில் மட்டும், ஒரே இடத்தில், ஒரே பிழை காணப்பட்டால், அந்நான்கும் ஒரே தாய் ஏட்டிலிருந்து பிறந்தவை என்று கொள்ளலாம் அன்றோ? இவ்வாறே பிழைகளைக் கொண்டு ஏடுகளின் வமிசாவளியை வரைந்துவிடலாம்.

உயிர்களின் டி.என்.ஏ.யும் நான்கே எழுத்துக்களால் ஆன ஒரு சுவடி. தலைமுறைதோறும் அது படியெடுக்கப்படுகிறது. அரிதாக ஓர் எழுத்து மாறுகிறது. மாறிய எழுத்து வழிவழியாகத் தொடர்கிறது. ஒரே மரபணுவைப் பல பூஞ்சைகளிலிருந்து எடுத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால், அந்த மரபணுவின் வமிசாவளி கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு மரபணுவின் வமிசாவளியே இனத்தின் வமிசாவளி ஆகிவிடாது. இங்கேதான் நுட்பம் இருக்கிறது. இரண்டு ஊர்களில் இரண்டு ஏட்டு நிலையங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிகண்டு, ஒரு மருத்துவ நூல், ஒரு சோதிட நூல் ஆகியவற்றின் படிகள் பல உள்ளன. இரண்டு ஊராரும் நூல்களை இரவல் வாங்கிப் படியெடுப்பது வழக்கமாயின், நிகண்டின் வமிசாவளி ஒருவிதமாகவும், மருத்துவ நூலின் வமிசாவளி வேறுவிதமாகவும் அமையும். ஓர் ஊரின் நிகண்டுப் படி தன் அண்டை அலமாரியிலுள்ள படியைவிட மற்ற ஊரின் படிக்கு நெருங்கியதாக இருக்கலாம். மருத்துவ நூலில் அந்நெருக்கம் இராது. இவ்வாறு நூலுக்கு நூல் வரைபடம் முரண்படுவதே, ஊர்களுக்கிடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதற்குச் சான்று. மாறாக, நூல் எதுவாயினும் வடக்கூர்ப் படிகள் யாவும் ஒரு கிளையிலும், தெற்கூர்ப் படிகள் யாவும் மற்றொரு கிளையிலுமே வந்து விழுந்தால், அவ்விரு ஊர்களும் நெடுங்காலமாக ஏடு மாற்றிக்கொள்ளவில்லை என்பது உறுதி. நூல் என்பதை மரபணு என்றும், இரவல் என்பதைப் பாலினச் சேர்க்கை என்றும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை விளங்கிவிடும். எங்கே எல்லா மரபணுக்களின் வரைபடங்களும் ஒரே இடத்தில் கோடு கிழிக்கின்றனவோ, அங்கேதான் இனத்தின் எல்லை. 2000ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் முதலிய அறிஞர்கள் பூஞ்சைகளுக்கு இம்முறையைத் தெளிவாக வகுத்துரைத்தனர்.

இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 2002இல், கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் கௌச், லிண்டா கோன் ஆகிய இருவர் இம்முறையைக் குலைநோய்ப் பூஞ்சையின்மேல் செலுத்தினர். ஆக்டின், பீட்டா டியூபுலின், கால்மோடுலின் என்னும் மூன்று புரதங்களுக்குரிய மரபணுக்களின் பகுதிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். மூன்றுக்கும் தனித்தனியே வமிசாவளி வரைந்தனர். மூன்றும் ஒரே கோட்டைக் காட்டின. கோட்டின் ஒரு பக்கம் நண்டுப்புல்லின் பூஞ்சைகள். மறுபக்கம் நெல்லினின்றும் மற்றப் பயிர்ப் புற்களினின்றும் எடுத்தவை. ஆய்வுக்கூடத்தில் கலந்து பார்த்ததிலும், கோட்டின் இருபுறத்தாரும் தம்முள் கூடி வளமான சந்ததியை ஈனவில்லை. முன்னர்க் கூடியவை எல்லாம் கோட்டின் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவை என்பது இப்போது விளங்கிற்று. வடிவத்தில் மட்டும் ஒரு வேறுபாடும் இல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர். நுண்ணோக்கியின் முன் நூறாண்டுகளாகக் கண்ணை வருத்தியவர்கள்மேல் குற்றம் ஒன்றுமில்லை. அங்கே காண்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கிரீசியா என்னும் பெயர் யாருக்குச் சேரும்? பெயரிடும் விதிகளின்படி, ஒரு பெயர் எந்த மாதிரியின்மேல் முதலில் சூட்டப்பட்டதோ அந்த மாதிரியோடு கட்டுண்டது. நண்டுப்புல்லின் பூஞ்சையோடு அது போயிற்று. நெல்லுக்கு ஒரைசே மீண்டது. கவாராவின் ஊகம் முடிவளவில் சரியாயிற்று. ஆனால் அவர் கூறிய காரணத்தால் அன்று. பயிர் வேறானால் பூஞ்சையும் வேறு என்பது உண்மையாயின், நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் தினைக்கும் தனித்தனி இனங்கள் இருந்திருக்க வேண்டும். அவை யாவும் ஒரைசே என்னும் ஒரே இனத்தின் குலங்கள் என்றே மரபணுக்கள் காட்டின. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து உழவர் கேழ்வரகில் காணும் குலைநோயும் இவ்வினத்தின் ஒரு குலத்தால் வருவதே. நெல்லைத் தாக்கும் குலம், பண்டை நாளில் தினைப்பயிரின் பூஞ்சையிலிருந்து பிரிந்து நெல்லுக்குத் தாவியது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

(இதே 2002ஆம் ஆண்டில் மனிதரைத் தாக்கும் பூஞ்சை ஒன்றும் இவ்வாறே இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்கப் பாலைநிலங்களின் புழுதியிலிருந்து நுரையீரலுக்குள் புகும் காக்சிடியாய்டிஸ் என்பது அது. தோற்றத்தில் ஒன்றாயிருந்தும் மரபணுவால் பிரிந்த புதிய இனத்துக்கு, இந்நோயை 1892இல் முதன்முதல் விவரித்த அர்ஜென்டினாவின் அலெஹாந்திரோ பொசாதாஸ் நினைவாகப் பெயரிட்டனர்.)

இவ்விடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரே இனம் என்று நான் கற்பித்த ஆண்டுகளில், வயலோரத்து நண்டுப்புல்லில் புள்ளி கண்டால் அதுவே நெல்லுக்கும் தாவும், ஆதலால் அதனை முதலில் களைக என்று வகுப்பில் சொல்லிவந்தேன். மாணவன் ஒருவன் அதனைத் தன் தந்தையாரிடம் சொல்லி, அவர் ஆள் வைத்து வரப்பெல்லாம் செதுக்கினார். அவ்வாண்டும் அவர் வயலில் குலைநோய் வந்தது. புல்லை நீக்கியும் ஏன் வந்தது என்று அவர் என்னைச் சந்தையில் கண்டு கேட்டபோது, எனக்கு விடை தெரியவில்லை. நண்டுப்புல்லின் பூஞ்சை வேறோர் இனம். அவர் வயலுக்கு நோய் வந்த வழி வேறு. வைக்கோலிலும் விதையிலும் வேறு சில களைகளிலும் ஒரைசே தங்கியிருக்கக்கூடும். களையெடுப்பது எப்போதும் நல்லதே. எனினும், அவர் அன்று செலவிட்ட கூலிக்கு என் கரும்பலகையே பொறுப்பு.

ஒரு சிற்றூரில் சில நாட்கூலியோடு போன இந்த வினா, 2016ஆம் ஆண்டில் ஒரு நாட்டுக்கே எழுந்தது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில், கோதுமைக் கதிர்கள் கழுத்திலிருந்து வெளிறிப் பதராயின. காரணம் குலைநோய்ப் பூஞ்சை. அதுவரை அது கோதுமையை அவ்வாறு தாக்கியதில்லை. பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா ஆகிய நாடுகளுக்கு அது பரவிற்று. ஆனால் தென் அமெரிக்காவை விட்டு வெளியேறாமல் முப்பது ஆண்டுகள் கழிந்தன. 2016 பிப்ரவரியில் வங்காளதேசத்தின் கோதுமை வயல்கள் வெளிறின. ஏறத்தாழ 15,000 எக்டேர் நிலம் பாதிக்கப்பட்டது. சில வயல்களில் பயிருக்குத் தீயிட்டனர்.

அங்கிருந்த அதிகாரிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். வித்தை நுண்ணோக்கியில் பார்த்தால் பேரிக்காய் வடிவம்; மூன்று அறைகள்; பைரிகுலேரியா ஒரைசே. அந்நாட்டு நெல் வயல்களில் என்றும் இருக்கும் பூஞ்சையும் அதே. அண்டை நெல்லிலிருந்து கோதுமைக்குத் தாவியதா? கடல் கடந்து தானியத்தோடு வந்ததா? முன்னதாயின், நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளையும் கங்கைச் சமவெளி முழுவதும், இந்தியா உட்பட, எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் அது தானே தோன்றக்கூடும். துறைமுகத்தில் காவல் வைத்துப் பயனில்லை. பின்னதாயின், பரவுமுன் எல்லை கட்டித் தடுக்க வாய்ப்புண்டு. இனத்தின் பெயர் மட்டும் தெரிந்து இதற்கு விடை கூற முடியாது.

காசிப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தொஃபஸ்ஸல் இஸ்லாமும், இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஆராய்ச்சியாளரும், பிற நாட்டு அறிஞரும் ஒன்றுசேர்ந்தனர். நோயுற்ற இலைகளை வயலிலிருந்தே எடுத்து, பூஞ்சை தனியே வளரும்வரை காத்திராமல், அதன் மரபுச் செய்தியை நேரே படித்தனர். படித்ததை மறைத்து வைக்காமல், எவரும் எடுத்து ஆராயும்படி உடனே வெளியிட்டனர். மூன்று மரபணு என்ற காலம் போய்விட்டது. 2005இலேயே இப்பூஞ்சையின் முழுச் சுவடியும், ஏறத்தாழ 4 கோடி எழுத்துக்கள், படிக்கப்பட்டிருந்தது. ஒப்பீடு சில வாரங்களில் முடிந்தது. வங்காளதேசத்துக் கோதுமைப் பூஞ்சை, அந்நாட்டு நெல்லின் பூஞ்சைக்கு நெருங்கியதன்று. தென் அமெரிக்கக் கோதுமைப் பூஞ்சையின் உடன்பிறப்பு. அது தாவியதன்று, வந்தது. 2017இல் மேற்கு வங்க அரசு எல்லையை ஒட்டிய முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் கோதுமை பயிரிடுவதை நிறுத்தி வைத்தது. அவ்வூர் உழவர்க்கு அது எளிய செய்தியன்று. எனினும் எல்லை கட்டுவதில் பொருள் உண்டு என்பதை மரபணுச் சான்றே முன்னர்க் காட்டியிருந்தது.

இவ்வளவு கேடு செய்யும் கோதுமைக் குலத்தைத் தனி இனமாகவே பிரித்துவிடலாகாதா? 2016இல் பிரேசில் அறிஞர் உள்ளிட்ட குழுவினர் அவ்வாறே முன்மொழிந்து, தனிப்பெயரும் சூட்டினர். பெயர் தனியாக இருந்தால், தடைசெய்ய வேண்டிய கிருமிகளின் பட்டியலில் அதனைச் சேர்ப்பது எளிது என்பது உண்மையே. ஆயினும் 2018இல் முழுச் சுவடிகளையும் ஒப்பிட்ட மற்றொரு குழுவினர், பயிருக்கொரு குலமாகப் பிரிந்திருந்தாலும் குலங்களுக்கிடையே மரபணுக்கள் இன்னும் கைமாறியே வருகின்றன என்று கண்டனர். ஊர்கள் இரண்டாயினும் ஏட்டு இரவல் நிற்கவில்லை. என் மனம் இவர்கள் பக்கமே சாய்கிறது. இரவல் தொடரும்போது தனி இனம் என்று பெயரிட்டால், இனி அவை கலவா என்னும் பொய்யான துணிவை அப்பெயர் தந்துவிடும்.

பெயரைப் பற்றி இன்னும் ஒரு சொல். பழைய நூல்களில் இதே பூஞ்சையை மாக்னபோர்த்தே என்றும் காண்பீர்கள். பாலினச் சேர்க்கை நிலைக்கு ஒரு பெயரும், அஃதில்லாத நிலைக்கு மற்றொரு பெயரும் இடுவது பூஞ்சையியலார் வழக்கமாக இருந்தது. 2011இல் மெல்போர்ன் நகரில் கூடிய உலகத் தாவரவியல் பேரவை அவ்வழக்கத்தை ஒழித்து, ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று விதித்தது. இங்கே வென்றது பைரிகுலேரியா. தேர்வில் மாக்னபோர்த்தே என்று எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கோதுமைக் குலத்தின் கதை வங்காளதேசத்தோடு நிற்கவில்லை. அதனையடுத்து ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டிலும் அது தோன்றிற்று. 2023இல் வெளிவந்த ஆய்வு, ஜாம்பியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் தனித்தனியே வந்தவை ஒரே தாயின் நேர்ப்படிகள் என்று மரபணுக்களால் நிறுவிற்று. அதில் ஒரு நற்செய்தி உண்டு. எல்லாம் ஒரே படியாதலால், ‘ஆர்.எம்.ஜி. 8’ என்னும் தடுப்பு மரபணுவுடைய கோதுமை அதனைத் தாங்கி நிற்கிறது. அதே ஆய்வு மற்றொன்றையும் சோதித்தது. இந்தப் பூஞ்சையை ஆப்பிரிக்கக் கேழ்வரகின் குலைநோய்ப் பூஞ்சையோடு ஆய்வுக்கூடத்தில் சேர்த்து வைத்தனர். அவை கூடின.